காமன் பொட்டல் கோமாளியும் உதைபந்தாட்ட மைதானத்து வேஷக்காரரும்

பதுளையிலிருந்து பசறைக்குப் போய், அங்கிருந்து மலைமேல் ஏறும் வழியில் பிரயாணம் செய்கிறவர்களின் கண்ணுக்கு, ஒன்பது சிகரங்களுடன் 6,600 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் நமுனுகுலை மலை வெகுதூரம் வரையில் மறைவதேயில்லை. அதன் சாரல்களில் கோப்பி பயிரான காலத்தையும், அயலிலுள்ள மடுல்சீமைப் பகுதியில் 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் இரண்டொரு பத்தாண்டுகளுக்குள் இலங்கைத் தீவின் கோப்பிச் செல்வம் முழுவதையும் விழுங்கிவிட்ட விதத்தையும், அதன்பின் தேயிலை வந்து குடியேறியதையும், 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியதையும் சரித்திர நூல்கள் விஸ்தாரமாகச் சொல்லுகின்றன. திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, வழியில் இறந்தவர்களை வழியிலேயே புதைத்துவிட்டு தோட்ட வேலைக்காக மலைக்கு வந்து சேர்ந்த ஜனங்களின் துயரத்தையும் நெஞ்சுருக எழுதிய பெரியோர் பலர் இருக்கிறார்கள். அந்த எழுத்து வேண்டியதே. இன்னும் அதிகமாகவும் வேண்டும். ஆயினும் அந்த ஜனங்கள் எதைக் கண்டு சிரித்தார்கள், அவர்களைச் சிரிக்கவைத்தவர் யார் என்ற கேள்விக்கும் சரித்திரத்தில் இரண்டொரு பக்கமாவது இருக்கவேண்டும் என்பது என் நெடுநாளைய எண்ணம்.

இந்த எண்ணத்தை மீண்டும் கிளறிவிட்டது தொலைக்காட்சியில் வரும் உதைபந்தாட்டம்தான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பிராக்களில் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து இங்கிலாந்துக் கழகங்களின் ஆட்டங்களைப் பார்க்கிறார்கள். ஆட்டம் தொடங்குமுன் மைதானத்து ஓரமாக ஒரு பச்சை டைனோசரோ, பெருத்த அன்னமோ, சிங்கமோ துள்ளியும் விழுந்தும் எழுந்தும் ஓடும். கோல் விழுந்தால் குட்டிக்கரணம் போடும். எதிர்க்கட்சிக்காரரை நோக்கி வயிற்றை ஆட்டிக் காட்டும். மஸ்கொட் என்று வழங்கும் அந்த வேஷதாரியைக் கண்டதும் பிள்ளைகள் எழுப்பும் சிரிப்பொலியைக் கேட்கிற முதியவர்களுக்கு, மாசி மாதத்துப் பனியில் காமன் பொட்டலைச் சுற்றி நின்று தாங்கள் சிரித்த சிரிப்பு ஞாபகம் வராமலிராது. இரண்டு சிரிப்புக்கும் உள்ள உறவையும் வேற்றுமையையும் சற்றே நின்று பார்ப்பது பயனுள்ள காரியம்.

காமன் கூத்து மலைநாட்டுத் தோட்டங்களின் பெரிய கூத்து. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையன்று, கரும்பும் ஆமணக்கும் வைக்கோற்பிரியும் எருவரட்டியும் சேர்த்துக் கட்டிக் காமனை ஊன்றுவார்கள். அந்த இடத்துக்குக் காமன் பொட்டல் என்று பெயர். வேஷம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதமிருப்பார்கள். கூத்தைப் பழக்கும் மாஸ்டர் பாட்டையும் அடவையும் சொல்லிக்கொடுப்பார். தப்பு முழங்க ரதியும் மதனும் லயத்து வாசல்தோறும் ஆடி வருவார்கள். சிவபெருமானுடைய தவத்தைக் கலைக்கும்படி தேவர்கள் மன்மதனை ஏவுவதும், தான் கண்ட துர்ச்சொப்பனத்தைச் சொல்லி ரதி அவனைத் தடுப்பதும், தடையை மீறிச் சென்று மலர்க்கணை தொடுத்தவன் நெற்றிக்கண்ணால் எரிந்து சாம்பலாவதும், ரதியின் புலம்பலும் ஆகிய கதையைப் பௌர்ணமி இரவு முழுவதும் ஆடி, விடியுமுன் காமனை எரிப்பார்கள். பின்பு மூன்றாம் நாள் அவனை உயிர்ப்பித்துப் பாடுவார்கள். ரதி வேஷமும் ஆண்மகன்தான் கட்டுவான். ஆனால் அவன் ஒப்பாரி வைக்கும்போது, பகலெல்லாம் மலையில் கொழுந்து பறித்த பெண்கள், தாங்கள் உண்மையிலே பறிகொடுத்த கணவனையும் பிள்ளையையும் நினைத்து வாய்விட்டு அழுவார்கள். அந்த ஒப்பாரியின் சக்தியைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள்.

அந்த அழுகைக்கு முன்னும் பின்னும் நின்று ஜனங்களை விழித்திருக்கச் செய்தவன் கோமாளி. வடமொழி நாடகத்து விதூஷகனுக்கும் நம்முடைய தெருக்கூத்துக் கட்டியக்காரனுக்கும், மதுரை புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் வரும் பபூனுக்கும் அவன் கோத்திரபந்து. எனினும் தோட்டத்துக் கோமாளிக்கு ஒரு தனி உத்தியோகம் வாய்த்தது. விடியற்காலை தப்பு அடித்தால் பெரட்டு என்னும் காலை வரிசைக்குப் போய் நிற்கவேண்டிய ஜனங்கள், மறுநாள் வேலையைப் பற்றிய பயத்தோடு இரவு முழுவதும் நிற்கிறார்கள்; நமுனுகுலைப் பனி எலும்பைக் குத்துகிறது; பிள்ளைகள் கம்பளிக்குள் சுருண்டு தூங்குகிறார்கள். சிவன் ஆசனத்தில் அமரவும், எமன் மீசையைத் திருத்திக்கொள்ளவும், வீரபத்திரன் வேஷக்காரனுக்கு ஆவேசம் ஏறவும் வேண்டிய இடைவேளைகளிலெல்லாம் கோமாளி உள்ளே புகுந்துவிடுவான். கூத்தில் தெய்வங்கள் பாட்டில் பேசின; கோமாளி லயத்துப் பேச்சில் பேசினான்.

இளம் பிராயத்தில் நான் பார்த்த ஒரு கோமாளியின் கோலம் இன்றும் கண்முன் நிற்கிறது. முகத்தில் பாதி சுண்ணாம்பு, பாதி அடுப்புக்கரி. யாரோ துரை கழித்துப்போட்ட கோட்டு, அதற்குமேல் குறுக்கே கட்டிய சாக்கு. தலையில் வைக்கோலால் முடைந்த தொப்பி, கழுத்தில் டப்பாமூடி கோத்த மாலை. அன்றிரவு அவன் கொழுந்து நிறுக்கிற காட்சியை ஆடினான். ஒரு கம்பின் நடுவில் கயிறு கட்டித் தராசாக்கி, சின்னக் கோமாளி ஒருவனைக் கொழுந்துக்காரியாக நிறுத்தி, தானே கணக்கப்பிள்ளையாக நின்றான்.

“என்னா புள்ள, இம்புட்டுத்தானா?”

“ஐயா, கூட நெறைய இருக்குங்க, பாருங்க.”

“கூடைய யாரு கேட்டா? தராசு கால் றாத்தல்னு சொல்லுது.”

“அப்போ தராசு சாப்புட்டது போக மிச்சம் கால் றாத்தலுங்களா ஐயா?”

பொட்டலே அதிர்ந்தது. கூட்டத்தின் முன்வரிசையில் மெய்யான கணக்கப்பிள்ளை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அவரும் சிரிக்கவேண்டியவரானார். மறுநாள் காலையில் அதே தராசின் முன்னால் அதே பெண்கள் நின்றபோது, ஒருத்தி மற்றொருத்தியை முழங்கையால் இடித்துக்கொண்டதையும், கணக்கப்பிள்ளை தராசின் முள்ளை வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் உற்றுப் பார்த்ததையும் நான் கண்டேன். கொழுந்தின் நிறை அதனால் கூடிற்று என்று சொல்லத் துணியேன். தராசைப் பற்றித் தோட்டம் முழுவதற்கும் ஒரே அபிப்பிராயம் இருக்கிறது என்பது மட்டும் அன்று எல்லோருக்கும் பகிரங்கமாகத் தெரிந்துவிட்டது.

இந்தப் பரிகாசத்தின் மதிப்பை உணர வேண்டுமானால், அது எந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்தது என்பதை அறியவேண்டும். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் கொடாமல் வேலையை விட்டுப்போன தொழிலாளி குற்றவாளியாவான். அவனைச் சிறையில் இடலாம். கடன் கணக்கை எழுதிய துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போக முடியாத நிலைமை 1921இல் துண்டு முறை ஒழிக்கப்படும் வரையில் நீடித்தது. கங்காணியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் அன்றைய பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும். துரை முன்னால் குடை பிடித்து நடந்தால் அதுவும் அபராதமாகும். அத்தகைய காலத்தில், வருஷத்தில் சில இரவுகள் மட்டும், சுண்ணாம்பும் கரியும் பூசிய ஒரு முகத்துக்கு எதையும் சொல்லும் சுதந்திரம் இருந்தது. அந்தச் சுதந்திரத்தைத் துரைத்தனம் தெரிந்தே கொடுத்ததா, தெரியாமல் விட்டுவிட்டதா என்று விவாதிக்கலாம். என் அபிப்பிராயத்தில், கூத்தின் தெய்விகமே கோமாளிக்குக் கவசமாயிற்று. சிவபெருமான் அமர்ந்திருக்கும் பந்தலில் பேசியவனை மறுநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டு விசாரிப்பது எந்தக் கங்காணிக்கும் எளிதான காரியமாக இருந்திராது.

இனி மேல்நாட்டாருடைய மைதானத்துக்கு வருவோம். அங்கும் ஆரம்பத்தில் வேஷமில்லை; உயிருள்ள பிராணியே இருந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரத்துக் கழகத்துக்கு 1950இல் ஒரு சர்க்கஸ் உரிமையாளரான அம்மையார் வெள்ளாட்டுக் கிடாய் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தார். கழகத்தின் ஆட்டக்காரரும் பயிற்சியாளருமான ஹென்னஸ் வைஸ்வைலர் என்பவரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அன்றுமுதல் அரசர்களுக்கு இலக்கமிடுவதுபோல் முதலாம் ஹென்னஸ், இரண்டாம் ஹென்னஸ் என்று அந்தப் பரம்பரை தொடர்ந்து, 2019இல் ஒன்பதாம் ஹென்னஸ் பட்டத்துக்கு வந்தது. 1966இல் இங்கிலாந்தில் நடந்த உலகக் கிண்ணப் போட்டிக்கு வில்லி என்ற சிங்கத்தைச் சித்திரமாக வரைந்தார்கள். உலகக் கிண்ணத்துக்கென்று உண்டான முதல் மஸ்கொட் அதுவே. நம் பக்கத்தில் 1982இல் டில்லி ஆசிய விளையாட்டுக்கு அப்பு என்ற யானைக்குட்டி வந்தது; 2011இல் இலங்கையும் சேர்ந்து நடத்திய கிரிக்கெட் உலகக் கிண்ணத்துக்கு ஸ்டம்பி என்ற மற்றொரு யானை வந்தது. சித்திரமாகப் பிறந்தவை பின்னர் பஞ்சும் துணியும் பெற்று, உள்ளே ஒரு மனிதனும் நுழைந்தபின்தான் விநோதங்கள் ஆரம்பித்தன.

1998இல் பிரிஸ்டல் நகர மைதானத்தில் ஒருநாள் இடைவேளையில், வுல்வர்ஹாம்ப்டன் கழகத்து ஓநாய் வேஷக்காரருக்கும், ஜன்னற் கண்ணாடிக் கம்பனி ஒன்றின் விளம்பரத்துக்காக வந்திருந்த மூன்று பன்றிக்குட்டி வேஷக்காரருக்கும் மெய்யாகவே கைகலப்பு மூண்டுவிட்டது. ஓநாயும் மூன்று பன்றிக்குட்டிகளும் என்ற கதையைத் தாய்மடியில் கேட்டு வளர்ந்த ஆங்கில ஜனங்கள், அந்தக் கதை கண்ணெதிரே கைமுஷ்டியோடு நிகழ்வதைக் கண்டு எவ்வளவு ஆனந்தித்திருப்பார்கள் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். நம் கூத்தில் வீரபத்திரனும் எமனும் பாட்டை மறந்து நிஜமாகவே மல்லுக்கு நின்றால் நாம் எவ்வளவு ஆனந்திப்போமோ அவ்வளவு. வேல்ஸ் நாட்டு சுவான்சி கழகத்தின் சிரில் என்ற அன்னமோ இன்னும் ஒருபடி மேலே போயிற்று. கோல் விழுந்த மகிழ்ச்சியில் ஆடுகளத்துக்குள்ளேயே ஓடிவிட்ட குற்றத்துக்காக 1999இல் அதற்கு ஆயிரம் பவுண் அபராதம் விதிக்கப்பட்டது. அதனாலும் அடங்காமல், 2001இல் மில்வோல் கழகத்துச் சிங்கத்தின் தலையைக் கழற்றி, அதையே பந்தாக்கி உதைத்துவிட்டது. உதைபட்டது துணித் தலைதான்.

எல்லாவற்றிலும் என் மனத்தை அதிகம் கவர்ந்தது ஹார்ட்லிபூல் என்ற துறைமுகப்பட்டினத்துக் குரங்கின் சரித்திரம். நெப்போலியன் காலத்து யுத்தத்தில் கரையொதுங்கிய ஒரு குரங்கை, பிரெஞ்சு ஒற்றன் என்று எண்ணி அவ்வூரார் தூக்கிலிட்டார்கள் என்பது அயலூரார் அவர்களைப் பரிகசித்துச் சொல்லும் பழங்கதை. அவ்வூர்க் கழகமோ அந்தக் குரங்கையே தன் மஸ்கொட்டாக ஏற்றுக்கொண்டது. பிறர் தம்மீது எறிந்த ஏளனத்தைத் தாமே கையில் எடுத்துக்கொண்டு ஆடுவதில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது. 2002இல் அந்தக் குரங்கு வேஷத்தைக் கட்டிவந்த ஸ்டுவர்ட் டிரம்மண்ட் என்ற இளைஞர், பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் இலவச வாழைப்பழம் என்ற வாக்குறுதியோடு நகரமேயர் தேர்தலில் நின்றார். விளையாட்டாகத் தொடங்கியது வெற்றியில் முடிந்தது. வேஷத்தைக் களைந்து, பதவியைச் சிரத்தையோடு நடத்தி, 2005இலும் 2009இலும் மறுபடி தெரிவானார். கோமாளியின் வாயில் அரசியல் இருக்கிறது என்று நம் தோட்டத்து ஜனங்கள் அறிந்திருந்ததை, ஹார்ட்லிபூல் ஜனங்கள் வாக்குச்சீட்டாலே அறிவித்தார்கள்.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லப் புகுந்தபோது நகையை முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து அது பிறக்கும் என்றும் வகுத்தார். மஸ்கொட்டின் சிரிப்புப் பெரும்பாலும் இளமையிலும் பேதைமையிலும் பிறப்பது. அது வாய் பேசாது. பேசவும் அதற்கு அநுமதி இல்லை. பெருந்தலையும் தடித்த காலும் தடுமாறும் நடையுமே அதன் பாஷை. ஆகையால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் அது விளங்குகிறது, உலகம் முழுவதும் விளங்குகிறது. தோட்டத்துக் கோமாளியின் சிரிப்போ எள்ளலில் வேரூன்றியது. அவன் நாவைக் கட்டிவிட்டால் அவன் பாதிக் கோமாளி. தராசு என்ன, துண்டு என்ன, பெரட்டு என்ன என்று அறியாத ஒருவனுக்கு அவன் பேச்சில் பாதி விளங்காது. அன்றியும் மஸ்கொட் கழகத்தின் ஊழியன். கழகம் விற்கும் சட்டையும் பொம்மையும் அவன் முகத்தையே தாங்கி வருகின்றன. கோமாளியை அநுப்பியவர்கள் லயத்தார். அவன் முகத்தை யாரும் விற்கவில்லை. இந்த வேற்றுமைகளால் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தவேண்டியதில்லை. ஒரு கூட்டத்தின் மனத்திலுள்ள சந்தோஷத்தையும் கோபத்தையும் ஒரே உடம்பு சுமந்துகொண்டு, விழவேண்டிய இடத்தில் எல்லோருக்காகவும் விழுந்து காட்டும் தொழில் இரண்டுக்கும் பொது.

கூத்துக் கோமாளியும் உதைபந்தாட்ட மைதானமும் நமுனுகுலைச் சாரலில் சந்தித்துக்கொண்டதும் உண்டு. கிரிக்கெட்டும் டென்னிசும் துரைமாரோடு கிளப்பிலேயே நின்றன. உதைபந்து மட்டும் லயத்துக்கு இறங்கி வந்தது. ஒரு பந்தும் சமதரையும் இருந்தால் போதும் அல்லவா? மலைநாட்டில் சமதரைதான் அரிது. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்குக் கீழே வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலைச் சரிவு. பலமாக உதைத்த பந்து சரிவில் இறங்கினால் கான் வழியே உருண்டு கீழ்மலை லயம் வரையில் போய்விடும். அதை எடுத்து வர நாலு பையன்கள் எப்பொழுதும் தயாராக நிற்பார்கள். பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் பந்தயம் நடக்கும். கொழும்புப் பாடசாலைகளின் பெரிய கிரிக்கெட் ஆட்டங்களில் பப்பரே வாத்தியம் முழங்குவதுபோல், இங்கே காமன் கூத்துக்கு அடித்த அதே தப்பு மைதானத்து ஓரத்தில் முழங்கும். தப்பு முழங்கினால் கோமாளி சும்மா நிற்பானா? முன்னாளில் கூத்தில் கோமாளி கட்டிய ஒருவர், கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று எதிர்த் தோட்டத்துக் கோல்காப்பாளனுக்கு ரதியின் சொப்பனத்தைச் சொல்லிப் பயமுறுத்தியதை நான் கேட்டிருக்கிறேன்: “மதனே, போகாதே, கெட்ட கனாக் கண்டேன், வலப் பக்கமா பந்து வருது!” அந்தப் பையன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பந்து இடப் பக்கமாக உள்ளே போய்விட்டது.

1964 ஒக்டோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, இந்திய வம்சாவளி ஜனங்களில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானமானபோது, பெயர்ப்பட்டியலில் கோமாளி என்று ஒரு பகுப்பு இருக்கவில்லை. ஆனாலும் பதுளைப் புகையிரதத்தில் ஏறித் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரத்துக்கும், பின்னர் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போனவர்களில் கோமாளிகளும் இருந்தார்கள். மாஸ்டர் ஒரு தேசத்தில், மத்தளமும் தப்பும் மற்றொரு தேசத்தில், ரதி வேஷம் கட்டியவன் எங்கே என்றே தெரியாமல் பல தோட்டங்களில் கூத்து நின்றுபோயிற்று. பிற்காலத்துக் கலவரங்கள் மிச்சத்தையும் சிதறடித்தன. கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்டத்துப் பாடல்களைத் திரட்டி வைத்ததால் பாட்டுகள் ஓரளவு தப்பின. மெட்டு என்ற கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாட்டு நினைவில் நின்றுவிடும். கோமாளியின் பேச்சுக்கு அப்படிப்பட்ட கயிறு இல்லை. அவ்வருஷத்துக் கணக்கப்பிள்ளையையும் அவ்வருஷத்துக் கொழுந்து விலையையும் பற்றிப் பேசியது அவ்விரவோடு முடிந்தது. எண்பது வயதைக் கடந்தவர்கள் இன்னும் சிலர் லயங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒப்பாரியைக் கேட்டு எழுதிக்கொள்கிற மாணவர்கள், கூடவே கோமாளி என்ன சொன்னான் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். துண்டைப் பற்றியும் தராசைப் பற்றியும் ஆணைக்குழு அறிக்கைகளில் இல்லாத சாட்சியம் அந்தப் பேச்சில் உண்டு.

மேல்நாட்டு வேஷக்காரருக்கும் பிழைப்புப் போனதுண்டு. 2020 ஒக்டோபரில், கொரோனாத் தொற்றுநோயால் மைதானங்கள் வெறுமையான சமயத்தில், லண்டன் ஆர்சனல் கழகத்து டைனோசர் வேஷத்தைப் பல்லாண்டுகளாகக் கட்டிவந்தவருடைய வேலை போய்விட்டது என்ற செய்தி உலகமெங்கும் பரவிற்று. 1990களின் முற்பகுதியில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் போட்டிக்காக வரைந்த சித்திரத்திலிருந்து பிறந்த டைனோசர் அது. அந்தக் கழகத்தின் ஆட்டக்காரர் மெசுட் ஓசில், தாம் அங்கே இருக்கும் வரையில் அவருடைய சம்பளத்தைத் தாமே தருவதாக முன்வந்தார். கோடிக்கணக்கில் பணம் புரளும் இடத்திலும், வேஷக்காரனுடைய கூலிக்காக ஜனங்கள் வாய் திறந்து பேசினார்கள் என்பது எனக்கு மிகுந்த சந்தோஷத்தைக் கொடுத்தது.

சில வருஷங்களுக்கு முன் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்த புத்தாண்டுப் பந்தயத்தில், உரச்சாக்கைப் பிரித்துத் தைத்து, உள்ளே மானாப்புல் திணித்து, பதுளைக் கடையில் வாங்கிய கரடி முகத்தை மாட்டிக்கொண்டு ஒரு பையன் ஆட்டம் முழுவதும் ஆடினான். மஸ்கொட்டைப் போல வாய்மூடி ஆடத் தொடங்கியவன், இரண்டாம் பாதியில் பொறுக்கமாட்டாமல் முகத்தை நெற்றிக்குமேல் தள்ளிவிட்டு, நாட்சம்பளத்தைப் பற்றியும் கம்பனியைப் பற்றியும் பேசத் தொடங்கிவிட்டான். கூட்டம் பந்தை மறந்து அவன் பக்கம் திரும்பிற்று. அவன் பாட்டனார் காமன் கூத்தில் கோமாளி கட்டியவர் என்று அருகில் நின்ற ஒரு பெரியவர் சொன்னார். அன்று வென்ற பரிசுப் பணத்தைத் தோட்டத்துப் பிள்ளைகள் பன்னிரண்டாகப் பங்கிட்டார்கள். ஆடிய பதினொருவருக்கும் ஒவ்வொரு பங்கு, கரடிக்கு ஒரு பங்கு.